மதிப்பெண் சற்றே குறைந்தால்

மேல்நிலைத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒருவகை மௌனம் நிலவக் காண்கிறோம். தோல்வியுற்ற பிள்ளையின் இல்லத்தை மட்டும் கருதி இதனைக் கூறவில்லை. 600க்கு 550 பெற்ற பிள்ளையின் இல்லத்திலும் அம்மௌனம் உண்டு. எதிர்பார்த்ததில் பத்துக் குறைந்துவிட்டதே, விரும்பிய கல்லூரியில் இடம் கிட்டுமோ என்னும் ஏக்கமே அதற்குக் காரணம். இவ்வேக்கம் எவ்வளவு தகும் என்பதைப் பொறியியல் சேர்க்கையை வைத்து ஆராய்வோம்.

தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. தரவரிசை 200 மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100க்கு அப்படியே கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கப்பெற்று ஐம்பது ஐம்பதாகச் சேரும். மொழிப்பாடங்கள் இக்கணக்கில் வாரா. ஆதலின், மொத்த மதிப்பெண்ணை ஒப்பிட்டு வருந்துவோர் பொருந்தாத அளவுகோலைக் கையில் வைத்திருக்கின்றனர்.

ஒருவன் கணிதத்தில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 92 பெற்று, மொழிப்பாடங்களில் மிக உயர்ந்து, மொத்தம் 560 எடுக்கிறான் எனக் கொள்வோம். அவன் தரவரிசை மதிப்பெண் 179. மற்றொருவன் மொத்தம் 550தான். ஆயின் கணிதம் 97, இயற்பியல் 94, வேதியியல் 92. அவனுக்கு 190! உறவினர் வீட்டில் பாராட்டுப் பெறுபவன் யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

குறைந்த மதிப்பெண் எப்பாடத்தில் குறைந்தது என்பதே முதற்கேள்வி. இயற்பியலில் இரண்டு குறைந்தால் தரவரிசையில் ஒன்றுதான் குறையும். கணிதத்தில் இரண்டு குறைந்தால் இரண்டும் குறையும். விடை எழுதியதற்கு மதிப்பெண் பொருந்தவில்லை எனத் தோன்றினால், விடைத்தாள் நகலைப் பெற்றுப் பார்த்து, அதன்பின் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கோரலாம். அதற்குத் தரப்படும் நாள்கள் சிலவே. அழுதுகொண்டிருந்து அவற்றைக் கழித்துவிடலாகாது.

அடுத்தது விருப்பப் பட்டியல். 2018 முதல் கலந்தாய்வு இணையவழியில் நடைபெறுகிறது. எத்தனை விருப்பங்களையும் பதியலாம். மாணவரின் முறை வருங்கால் அவருடைய பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, காலியாக உள்ள முதல் இடம் அவருக்கு ஒதுக்கப்படும். கிண்டிப் பொறியியல் கல்லூரியை முதலில் எழுதி அது கிட்டாது போயினும், அடுத்த விருப்பத்திற்கு யாதொரு குறையும் நேராது. இதனை அறியாத பெற்றோர், "நம் மதிப்பெண்ணுக்கு இதுதான்" எனத் தாமே முடிவுகட்டி, எளிதிற் கிட்டும் கல்லூரியை முதலில் எழுதுகின்றனர். அதுவே கிட்டிவிடுகிறது! மதிப்பெண் செய்யாத இழப்பை அச்சம் செய்துவிடுகிறது. சென்ற ஆண்டின் இறுதி மதிப்பெண்ணும் ஒரு குறிப்பே. தேர்வின் கடினத்திற்கும் பாடப்பிரிவின் கவர்ச்சிக்கும் ஏற்ப அது ஆண்டுதோறும் மாறும்.

பட்டியலைப் பிள்ளையை அருகில் இருத்தி எழுதுதல் நன்று. கணினிப் பிரிவு வேண்டும் எனத் தந்தையும், கட்டடவியல் வேண்டும் என மகளும் நினைப்பது அப்போதுதான் வெளிப்படும். பிள்ளை உண்ணாமலும் உறங்காமலும் ஒதுங்கியிருக்கக் கண்டால், பட்டியலை ஒருபுறம் வைத்துவிட்டு முதலில் அதனுடன் பேசுக. நம் சொல் எட்டவில்லையெனில், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் மனநல ஆலோசகருடன் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.