இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சை: முன்னேற்பாடும் பின்பேணலும்

மனித உடலிலுள்ள மூட்டுகளுள் பெருஞ்சுமை தாங்குவனவற்றுள் ஒன்று இடுப்பு மூட்டு. இடுப்பெலும்பில் கிண்ணம் போன்றதொரு குழி உளது. தொடையெலும்பின் உருண்டைத் தலை அக்குழியில் பொருந்திச் சுழல்கிறது. நடக்கும்போது உடல் முழுவதும் ஒரு காலின்மேல் நிற்கும் கணத்தில், அது மறுபுறம் சாயாதபடி இடுப்பின் பக்கத் தசைகள் வலிந்து இழுக்கின்றன. அவ்விழுப்பும் உடலின் எடையும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. இதனால் ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை பளு மூட்டின்மேல் ஏறுகிறது. 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்பு மூட்டு 150 முதல் 180 கிலோ வரை தாங்குகிறது எனலாம். மூட்டு வழவழப்பாக இருக்கும் வரை இச்சுமை உணரப்படுவதில்லை. அது சிதைந்தபின் ஒவ்வோர் அடியும் வேதனையாகிறது.

இவ்வாறு சிதைந்த மூட்டை நீக்கிவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவைச் சிகிச்சை இன்று நாட்டின் பல நகரங்களில் நடைபெறுகிறது. அறுவை ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால், நோயாளி அதன்பின் வாழப்போவது ஆஸ்பத்திரியில் அன்று, தம் வீட்டிலேதான். தரையில் அமர்ந்து உண்பதும், தரையில் பாய் விரித்து உறங்குவதும், குந்தியமர்ந்து மலங்கழிப்பதும் நம் நாட்டில் பெருவழக்கு. ஆதலின், வீட்டை முன்னதாகவே சீர்செய்யாவிடில் நன்கு செய்யப்பட்ட அறுவையும் பழுதாகக் கூடும். அவ்வீட்டை நேரில் அறிந்தவர் கிராமத்துச் சுகாதார ஊழியரும் ஆசிரியருமே ஆவர்.

நோயின் காரணங்கள்

இடுப்பு மூட்டுச் சிதைவு முதியோரை மட்டும் பற்றுவதன்று. நம் நாட்டில் இச்சிகிச்சை தேவைப்படுவோருள் நடுவயதினரும் இளைஞரும் பலர் உளர். அவர்களிடம் பெரிதும் காணப்படும் காரணம், தொடையெலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு அவ்வெலும்பு நசிந்து போவதாகும். ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்ளுதல், மிகுதியான மதுப்பழக்கம், அரிவாளணுச் சோகை ஆகியவை இதனை விளைவிக்கக் கூடும். அரிவாளணுச் சோகை மத்திய இந்தியப் பழங்குடி மக்களிடையே மிகுந்து காணப்படும் பிறவி நோய். இதனை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலை 1-ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஷாடோலில் தொடங்கப்பட்டது. அப்பகுதிகளில் இளைஞர் ஒருவர் தொடையிடுக்கில் நீடித்த வலியுடன் நொண்டி நடப்பாராயின், அதனைச் சுளுக்கு என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். தொடையெலும்பின் கழுத்து முறிவு, முடக்குவாதம், முதுகெலும்பை இறுக்கும் வாதநோய், பழைய காசநோய்ப் புண் ஆகியவையும் மூட்டைச் சிதைக்கும் காரணங்களாம்.

செயற்கை மூட்டின் வளர்ச்சி

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய மருத்துவர் க்ளுக் தந்தத்தால் மூட்டுகளைச் செய்து பொருத்த முயன்றார். நிலைத்த வெற்றியைக் கண்டவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் சார்ன்லி. லங்காஷயரிலுள்ள ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் அவர் முதலில் டெஃப்ளான் கிண்ணத்தைப் பயன்படுத்தினார். அது சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயிற்று. தோல்வியின் காரணத்தை ஆராய்ந்து, 1962-ஆம் ஆண்டு முதல் அடர்த்தி மிக்க பாலிஎதிலீன் கிண்ணத்தையும் சிறிய உலோகப் பந்தையும் பயன்படுத்தலானார். இன்றைய மூட்டுகள் யாவும் பெரும்பாலும் அம்முறையைத் தழுவியனவே. பந்து உலோகத்தாலோ பீங்கான் வகைப் பொருளாலோ செய்யப்படுகிறது. 25 ஆண்டுகளுக்குப் பின்னரும் 100-க்கு ஏறத்தாழ 58 செயற்கை இடுப்பு மூட்டுகள் மாற்றப்படாமல் நிலைத்துள்ளன என்பது 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு.

அறுவைக்கு முன் உடலை ஆயத்தம் செய்தல்

செயற்கை மூட்டின் முதற் பகை கிருமி. உலோகத்திற்கு இரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அதன்மேல் ஒருமுறை கிருமி பற்றினால் அதனை மருந்தால் மட்டும் ஒழிப்பது மிகக் கடினம். மூட்டையே எடுத்துவிட நேரினும் நேரும். ஆதலின் சொத்தைப்பல், ஈற்றில் சீழ், சிறுநீர்த் தாரையில் எரிச்சல், காலில் சேற்றுப்புண், தோலில் கொப்புளம் ஆகியவை உள்ளனவா என முன்னரே பார்த்து ஆற்றிக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவர் சர்க்கரையைக் கட்டுக்குள் கொணர்தல் அவசியம். இரத்தசோகை இருப்பின் அதனையும் சில வாரங்களுக்கு முன்பே சரிப்படுத்தலாம். பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை ஆகியவற்றை அறுவைக்கு நான்கு வாரங்களுக்கு முன்னரேனும் நிறுத்திவிட வேண்டும். புகையிலை புண் ஆறுவதைத் தடுக்கும்.

நோயாளி உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்துகள் உட்பட, ஒரு பையிலிட்டு மருத்துவரிடம் காட்டுதல் நலம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உண்டவர் அதனைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் உயிருக்கே அபாயம். அரிவாளணுச் சோகை உள்ளவர் அச்செய்தியைத் தவறாது தெரிவிக்க வேண்டும். அவரை நீர் வற்றாமலும் குளிர் தாக்காமலும் காப்பதற்குத் தனி ஏற்பாடு தேவை.

உடற்பயிற்சியையும் முன்னரே பழகலாம். படுத்தவாறு கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தல், பிட்டத் தசைகளை இறுக்கித் தளர்த்தல் ஆகியவை எளியன. வாக்கர் எனப்படும் நாற்கால் நடைச்சட்டத்தைப் பற்றி நடக்கவும் முன்கூட்டியே கற்றுக்கொண்டால், அறுவைக்குப்பின் வலியுடன் புதிதாகக் கற்கும் தொல்லை இராது.

வீட்டை ஆயத்தம் செய்தல்

இங்கு ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உழவர் ஒருவர் அறுவை முடிந்து ஐந்தாம் நாள் வீடு திரும்புகிறார். வீட்டில் கட்டில் உண்டு, நாற்காலி உண்டு. ஆனால் கழிப்பிடம் குந்தியமரும் வகையைச் சேர்ந்தது. இதனை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. முதல் இரவிலேயே அவர் அங்கே சென்று குந்த முற்படுகிறார், மூட்டு நழுவிவிடுகிறது. மீண்டும் வண்டி, மீண்டும் ஆஸ்பத்திரி, மீண்டும் செலவு. ஒரு முற்பகற் பொழுது அவ்வீட்டைச் சுற்றிப் பார்த்திருந்தால் இவ்வளவும் நேர்ந்திராது.

பார்க்கச் செல்பவர் கையில் ஒரு துண்டுக் கயிறு இருந்தால் போதும். நோயாளியை நிற்கச் செய்து, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரைவரை அளந்து கயிற்றில் முடிச்சிட வேண்டும். அவர் அமரும் நாற்காலி, கட்டில், கழிப்பிருக்கை ஆகிய மூன்றும் அம்முடிச்சைவிட இரண்டு அங்குலமேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். அமர்ந்தபின் முழங்காலைவிட இடுப்பு சற்று மேலே நிற்பதே குறிக்கோள்.

கழிப்பிடத்தைப் பற்றியவரை, நடுவில் துளையுள்ள நாற்காலி மருத்துவ உபகரணக் கடைகளில் கிடைக்கும். அதனைக் குந்தியமரும் பீடத்தின்மேல் ஆடாதபடி நிறுத்தலாம். வீட்டில் கழிப்பிடமே இல்லையெனில், அறைக்குள்ளேயே அந்நாற்காலியையும் பாத்திரத்தையும் வைத்தல் வேண்டும். வட மாநிலங்களில் வழங்கும் கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்வது. அதில் அமர்ந்தால் இடுப்பு தாழ்ந்து முழங்கால் உயரும். பலகைக் கட்டிலும் கெட்டியான மெத்தையும் ஏற்றவை. உயரம் போதாவிடில் கட்டிற் கால்களின்கீழ் உறுதியான மரக்கட்டைகளை வைக்கலாம்.

மேலும் நோக்க வேண்டியவை: வழியிலுள்ள பாய், சாக்கு, மின்கம்பி ஆகியவற்றை அகற்றுக. குளிக்குமிடத்தில் வழுக்காத விரிப்பும் உயரமான முக்காலியும் இடுக. இரவில் கழிப்பிடம் வரை விளக்கெரிய வேண்டும். அன்றாடம் தேவைப்படும் பொருள்களை இடுப்புயரத்தில் வைத்தால் குனிய வேண்டியதில்லை. ஆடு, கன்று, நாய் ஆகியவை காலில் இடறாதபடி கட்டிவைக்கப்பட வேண்டும். நோயாளி பெண்ணாயின், தரையடுப்பில் சமைப்பதும் நீர் சுமப்பதும் யார் பொறுப்பு என்பதை அறுவைக்கு முன்னரே குடும்பத்தார் கூடி முடிவுசெய்தல் வேண்டும். இவ்வொன்றைத் தீர்மானியாமல் விட்டால், பத்தாம் நாளே அவர் அடுப்படியில் குந்தியிருக்கக் காணலாம்.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்த அன்றோ மறுநாளோ நோயாளியை எழுப்பி நடக்கச் செய்வர். படுத்தே கிடந்தால் காலின் இரத்தக் குழாய்களில் உறைகட்டி தோன்றலாம். அது நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிர் போகும். இதனைத் தடுக்கும் மருந்தைச் சில வாரங்கள் கொடுப்பர். வீடு திரும்பியதும் நலமாயிருப்பதாக எண்ணி அதனை இடையில் நிறுத்தலாகாது.

மூட்டின் பின்புறமாகத் திறந்து அறுவை செய்தவர்க்கு மூன்று விலக்குகள் கூறப்படும். இடுப்பைச் செங்கோணத்திற்கு மேல் மடக்கலாகாது. காலை மற்றொரு காலின்மேல் குறுக்கே போடலாகாது. பாதத்தை உட்புறமாகத் திருப்பலாகாது. இவற்றின் காரணத்தை ஆசிரியர் எளிதில் விளக்கலாம். ஒரு பென்சிலின் முனையில் எலுமிச்சம்பழத்தைச் செருகி, அதனை ஒரு சிறு கிண்ணத்தில் பொருத்திச் சாய்த்துக் காட்டுக. பென்சில் கிண்ணத்தின் விளிம்பில் முட்டியதும் பழம் நெம்பப்பட்டு வெளியேறும். குந்தும்போதும் சம்மணமிடும்போதும் புதிய மூட்டில் நிகழக்கூடியது இதுவே. சுற்றுத் தசைகள் ஆறி இறுகும் வரை, அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை, அபாயம் மிகுதி. மூட்டின் முன்புறமாகத் திறந்து செய்தவர்க்கு விலக்குகள் வேறு. பெரிய பந்து பொருத்தப்பட்டவர்க்குச் சில மருத்துவர் தடைகளைத் தளர்த்துவதும் உண்டு. ஆதலின் அறுவை செய்த மருத்துவரின் சொல்லே முடிவானது. பூசையோ தொழுகையோ செய்பவர் அந்நாட்களில் உயர்ந்த நாற்காலியில் அமர்ந்து செய்யலாம்.

நடைச்சட்டத்தை விட்டுக் கைத்தடிக்கு மாறும்போது, தடியை அறுவை செய்த காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். அவ்வாறு ஊன்றும் தடி, பக்கத் தசைகளின் இழுப்பைக் குறைத்து மூட்டின் பளுவை இறக்குகிறது. படியேறும்போது நல்ல கால் முன்னே செல்க. இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே செல்க. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் ஆறு வாரங்களில் திரும்பலாம். உழவு, சுமை தூக்கல் போன்றவற்றுக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகும். சிலர் தொழிலையே மாற்றிக்கொள்ள நேரும். காலுக்கு எண்ணெயிட்டு உருவுதலும், கட்டுவைத்தியரிடம் இழுத்துவிடுதலும், புண்ணின்மேல் பச்சிலை வைத்தலும் அறவே கூடா.

அபாயக் குறிகள்

ஆடுசதையில் வீக்கமும் வலியும், காய்ச்சல், புண்ணில் சிவப்போ கசிவோ ஆகியவை தோன்றினால் அன்றைக்கே மருத்துவரைக் காண வேண்டும். திடீரென மூச்சுத்திணறலோ மார்வலியோ ஏற்பட்டாலும், கடும் வலியுடன் கால் குட்டையாகித் திரும்பி ஊன்ற இயலாமற் போனாலும், ஒரு நொடியும் தாமதியாது அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

செலவும் ஆவணமும்

பணம் இல்லை என்றெண்ணிப் பல ஆண்டுகள் வலியைப் பொறுப்போர் பலர். 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி ஜன ஆரோக்கிய திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை சிகிச்சை அளிக்கப்படுகிறது. 2024 முதல் 70 வயது நிறைந்தோர் யாவரும், வருமானம் எதுவாயினும், இதில் சேரத் தக்கவர். செல்லும் ஆஸ்பத்திரி திட்டத்தில் உள்ளதா, அங்கு இவ்வறுவைக்கு ஒப்புதல் உண்டா என்பதை ஊழியர் முன்னரே கேட்டறிந்து சொல்லலாம். பொருத்தப்பட்ட மூட்டின் பெயரும் தொகுதி எண்ணும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துமாறும் கூற வேண்டும். பல ஆண்டுகளுக்குப்பின் மூட்டில் பழுது தோன்றினால் அச்சீட்டே வழிகாட்டும்.

மருத்துவர் மூட்டை மாற்றுகிறார். அதனைக் காப்பது வீடு. ஊழியரும் ஆசிரியரும் இருமுறை அவ்வீட்டிற்குச் சென்றால் போதும்: அறுவைக்கு இரு வாரம் முன் ஒருமுறை, நோயாளி திரும்பிய மறுநாள் ஒருமுறை. முதன்முறை கயிற்றால் அளந்தவை இரண்டாம் முறை இடத்தில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கைத்தடியை எதிர்ப்புறக் கையில் பிடிப்பதன் காரணம் யாது?
2. சொத்தைப்பல் உள்ளவர்க்கு அறுவையை ஒத்திவைப்பது ஏன்?
3. உமது பகுதியிலுள்ள ஒரு வீட்டைப் பார்வையிட்டு, இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர் அங்கு வாழ்வதற்குச் செய்யவேண்டிய மாற்றங்களை எழுதுக.
4. கயிற்றுக் கட்டில் ஏற்றதன்று என்பதை நோயாளியின் குடும்பத்தார்க்கு எவ்வாறு விளக்குவீர்?