மளிகைக் கடைக்கு ஒரு ஸ்கேனர்: அமைப்பதும் பழகுவதும்

மும்பை ஹார்பர் ரயில் பாதையில் செம்பூரையும் கோவண்டியையும் கடந்தால் மான்குர்த். அதற்கு அப்பால் கழிமுகப் பாலம். பாலத்துக்கு அப்பால் வாஷி. 1992-ஆம் ஆண்டு அப்பாலத்தின் வழியே ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து வாஷி மொத்தச் சந்தைக்குச் சென்று பருப்பும் மிளகாய் வற்றலும் விலை பேசித் திரும்புவது மான்குர்த் கடைக்காரர்களுக்கு எளிதாயிற்று. நெல்லைச் சீமையிலிருந்து வந்து, தலைமுறைகளாக மும்பையில் மளிகைக் கடை நடத்திவரும் தமிழர்கள் பலர். அத்தகைய கடையொன்று மான்குர்த்தில் இருப்பதாக இப்பாடத்துக்காக வைத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், சுவர் முழுவதும் அடுக்குப் பலகை, முன்னால் கல்லா. கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றே அழைக்கின்றனர். மாலை வேளையில் கல்லாவில் அமர்பவர் அவர் துணைவியார். அவரை அக்கா என்பர். இருவருக்கும் விலைகள் மனப்பாடம். ஆயினும் பொருள்களின் எண்ணிக்கை எழுநூறைத் தாண்டியபின் மனப்பாடம் தடுமாறத் தொடங்கியது. ஆகவே ஒரு கணினியும் பில் போடும் மென்பொருளும் கையடக்க பார்கோடு ஸ்கேனர் ஒன்றும் வாங்க முடிவு செய்கின்றனர்.

இந்நிலையில் உள்ள வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி ஏறக்குறைய ஒன்றே: "ஸ்கேனரை மாட்டிவிட்டால் விலை தானாக வந்துவிடுமா?" வராது. ஸ்கேனருக்கு விலையும் தெரியாது, பொருளின் பெயரும் தெரியாது. அது படிப்பது ஓர் எண்ணை மட்டுமே. படித்த எண்ணை, விசைப்பலகையில் நாம் தட்டுவதைப் போலவே கணினிக்குத் தட்டி அனுப்புகிறது. மற்றவை அனைத்தும் நாம் கணினிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியவை. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர் வரும் சிக்கல்களில் பாதி தோன்றும்போதே பிடிபட்டுவிடும்.

பட்டைகளுக்குள் இருப்பது

அமெரிக்கரான நார்மன் ஜோசப் உட்லேண்ட், சிறுவயதில் சாரணர் இயக்கத்தில் கற்ற மோர்ஸ் தந்திக் குறிகளை நினைத்தவாறு மயாமி கடற்கரை மணலில் விரல்களால் கோடிழுத்தபோது பிறந்த எண்ணம் இது. அவரும் பெர்னார்ட் சில்வரும் 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். கடையொன்றில் முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்ட பொருள் ஒரு சூயிங் கம் பொட்டலம். நாள் 1974 ஜூன் 26. இடம் ஓஹியோ மாநிலத்தின் டிராய் நகரம்.

நம் கடைகளில் உள்ள பெரும்பாலான பொட்டலங்களின்மேல் 13 இலக்க எண் காணப்படும். அதன் மேலுள்ள பட்டைகளின் மொத்த அகலம் 95 சம கூறுகளாகப் பகுக்கப்பட்டது. கருவியின் சிவப்பு ஒளி கருப்புப் பட்டையில் உள்வாங்கப்பட்டு, வெள்ளை இடைவெளியில் திரும்புகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை அளந்து கருவி எண்ணாக்குகிறது. வியப்பூட்டும் செய்தி ஒன்று: 13 இலக்கங்களில் பட்டைகளாக வரையப்படுபவை 12 மட்டுமே. முதல் இலக்கம், இடப்பக்கத்து ஆறு இலக்கங்கள் எந்த முறையில் வரையப்பட்டுள்ளன என்பதற்குள் மறைந்திருக்கிறது.

எண் 890 என்று தொடங்கினால் அப்பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்று பலர் கருதுகின்றனர். அது சரியன்று. அவ்வெண்ணை வழங்கியது ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு என்பதே அதன் பொருள். சரக்கு எங்கு உற்பத்தியாயிற்று என்பதை உறையின்மேல் அச்சிட்டுள்ள வாசகத்தில்தான் காண வேண்டும்.

இறுதி இலக்கம் காவலாளி. 8901234567890 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு இலக்கங்களுள் ஒற்றைப்படை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 28. இரட்டைப்படை இடங்களில் உள்ளவற்றின் கூட்டுத்தொகை 34. அதை மூன்றால் பெருக்கினால் 102. இரண்டும் சேர்ந்து 130. அடுத்த பத்தின் மடங்கை எட்ட இன்னும் எத்தனை வேண்டும்? ஒன்றும் வேண்டா, ஆகவே இறுதி இலக்கம் 0. பொட்டலம் கசங்கி ஸ்கேனர் படிக்காதபோது அக்கா எண்ணைக் கையால் தட்டுகிறார். 4, 5 என்பதை 5, 4 என மாற்றித் தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 128 ஆகும், இறுதி இலக்கம் 2 ஆக இருந்திருக்க வேண்டும். இச்சோதனையைச் செய்யும் மென்பொருள் அந்த எண்ணை ஏற்காது. ஓர் இலக்கம் பிறழ்ந்தால் இக்காவலாளி எப்போதும் பிடித்துவிடுவார். அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினால் பெரும்பாலும் பிடிப்பார். அவ்விரண்டுக்கும் இடையே வேறுபாடு 5 ஆக இருந்தால் மட்டும் தவறவிடுவார்.

வாங்குவதும் மாட்டுவதும்

லேசர் ஸ்கேனர் விலை மலிவு; ஆனால் அது நீளப் பட்டைகளை மட்டுமே படிக்கும். படம் பிடித்துப் படிக்கும் வகை சற்றுக் கூடுதல் விலை. க்யூஆர் போன்ற சதுரக் குறியீடுகளையும் கைபேசித் திரையில் தோன்றுவனவற்றையும் அது படிக்கும். மருந்துக் கடை நடத்துவோர் இரண்டாவது வகையையே தேர்ந்தெடுப்பது நலம். 2023 ஆகஸ்ட் 1 முதல் குறிப்பிட்ட 300 மருந்து வணிகப் பெயர்களின் உறைகளில் பார்கோடு அல்லது க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. மளிகைக் கடைக்கு, இடம் குறுகலாக இருப்பின், கம்பியுள்ள கருவியே போதும் என்பது எங்கள் எண்ணம். மின்னேற்றம் செய்ய மறந்து, மாலைக் கூட்ட நேரத்தில் கருவி உயிர்விடும் தொல்லை அதில் இல்லை.

கம்பியைக் கணினியின் யுஎஸ்பி துளையில் செருகினால் சில நொடிகளில் கணினி அதனை விசைப்பலகையாக ஏற்றுக்கொள்ளும். உடனே பில் மென்பொருளைத் திறக்க வேண்டா. முதலில் நோட்பேடைத் திறந்து, ஏதேனும் ஒரு சோப்பின் பார்கோடைப் படிக்கச் செய்யுங்கள். 13 இலக்கங்களும் பிசகின்றித் தோன்றி, சுட்டி அடுத்த வரிக்கு இறங்கினால் கருவி ஆயத்தம். சுட்டி அதே வரியில் நின்றால், எண்ணுக்குப் பின் என்டர் விசையை அனுப்பும் அமைப்பு இல்லை என்று பொருள். கருவியோடு வரும் சிறு கையேட்டில் அதற்கென்றே ஒரு பார்கோடு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்கச் செய்தாலே அமைப்பு மாறிவிடும். ஒலியைக் குறைப்பது, பழைய நிலைக்குத் திரும்புவது ஆகியவற்றுக்கும் அக்கையேட்டில் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. அக்கையேட்டைக் கல்லாப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்துங்கள். அதைத் தொலைத்தபின் தேடி அலைந்தவர்களை நாங்கள் அறிவோம்.

எழுத்துகள் கலந்த குறியீடுகள் திரையில் வேறு எழுத்துகளாகத் தோன்றினால் கருவியைக் குறைகூற வேண்டா. கணினியின் உள்ளீட்டு மொழி தமிழிலோ மராட்டியிலோ இருந்திருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றினால் சரியாகும்.

பிடிக்கும் முறைக்கும் பழக்கம் தேவை. ஒரு சாண் தொலைவில் வைத்து, சிவப்புக் கோடு எல்லாப் பட்டைகளையும் இருபுறத்து வெற்றிடத்தையும் கடக்குமாறு காட்ட வேண்டும். பளபளக்கும் உறைக்கு நேர் எதிரே பிடித்தால் ஒளி கண்ணாடிபோல் எதிரொளிக்கும். சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். சிப்ஸ் உறையை விரலால் இழுத்துத் தட்டையாக்குக. பால் உறையின் ஈரத்தைத் துடைத்துவிடுக. லேசர் ஒளியை எவர் கண்ணிலும் படவிடக் கூடாது. கடைக்கு வரும் குழந்தைகள் அதனை விளையாட்டுப் பொருளாகக் கருதுவார்கள்.

கல்லாவில் ஒட்டியுள்ள யுபிஐ க்யூஆர் அட்டைக்கும் இக்கருவிக்கும் தொடர்பில்லை. அது வாடிக்கையாளரின் கைபேசி படிப்பதற்கானது. அதன்மேல் வேறொருவர் அட்டை ஒட்டப்படாமல் இருக்கிறதா என்று காலையில் கடை திறக்கும்போது பார்ப்பது வேறொரு நல்ல பழக்கம்.

எண் ஒன்று, விலை இரண்டு

இனி உண்மையான வேலை. ஒவ்வொரு பொருளின் எண்ணுக்கும் எதிரே பெயர், எடை, அதிகபட்சச் சில்லறை விலை, கொள்முதல் விலை, வரி விகிதம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். எழுநூறு பொருள்களையும் ஒரே இரவில் பதிய முனைந்தால் பிழை மலியும். நாளுக்கு ஐம்பது என்று, விரைவாக விற்பவற்றிலிருந்து தொடங்கினால் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும்.

முடிந்த பின்பும் ஓர் ஆபத்து உண்டு. நிறுவனம் விலையை மாற்றினாலும் பார்கோடு எண் பெரும்பாலும் மாறுவதில்லை. அடுக்கின் முன்வரிசையில் 48 ரூபாய் என்று அச்சிட்ட பழைய பொட்டலம், பின்வரிசையில் 52 ரூபாய் என்று அச்சிட்ட புதியது. இரண்டின்மேலும் ஒரே எண். கணினியில் 52 என்று மாற்றிவிட்டால், பழைய பொட்டலத்தை அதன்மேல் அச்சிட்ட விலைக்கும் கூடுதலாக விற்க நேரும். அது சட்டப்படி குற்றம். மாற்றாமல் 48 என்றே விட்டால் ஒவ்வொரு புதிய பொட்டலத்திலும் நான்கு ரூபாய் இழப்பு. அப்பொருளில் அண்ணாச்சியின் ஆதாயமே நான்கு ரூபாய்தான் என்றால், அவர் இலாபமின்றி விற்றுக்கொண்டிருப்பார். பில்லோ ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும்.

2025 செப்டம்பர் 22 அன்று சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறியபோது இச்சிக்கல் நாடு முழுவதும் ஒரே நாளில் எழுந்தது. குளியல் சோப்பு, பற்பசை, ஷாம்பு ஆகியவற்றின் வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அடுக்கில் இருந்த சோப்பு அதே சோப்பு, எண்ணும் அதே எண். ஆனால் வரியும் விலையும் வேறு. அன்று காலை கணினிப் பட்டியலைத் திருத்தாத கடையில் ஸ்கேனர் வழக்கம்போல ஒலித்துப் பழைய வரியையே பில்லில் ஏற்றியிருக்கும். ஒலி எழுந்தால் எண் படிக்கப்பட்டது என்று மட்டுமே பொருள். அக்காவின் கண் திரையில் தோன்றும் விலையையும் பொட்டலத்தின் அச்சு விலையையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும்.

இதற்கு மென்பொருளிலேயே வழி உண்டு. விலைவாரியாக இருப்பு வைக்கும் வசதி உள்ளதா என்று வாங்கும்போதே கேளுங்கள். அவ்வசதி இருப்பின், எண்ணைப் படித்ததும் 48, 52 என்ற இரு விலைகளும் திரையில் தோன்றும். கையிலுள்ளது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். புதிய சரக்கு இறங்கும் நேரத்தில், அடுக்குவதற்கு முன்பே அச்சு விலையைப் பார்த்துப் பதிவது அண்ணாச்சியின் பொறுப்பாகட்டும்.

மற்றொரு பிழை அவசரத்தில் நிகழ்வது. ஒரே பிஸ்கட்டின் இரண்டு சுவைகள், மூன்று மூன்றாக வருகின்றன. ஒன்றைப் படித்துவிட்டு 6 என்று தட்டினால் தொகை சரியாகவே இருக்கும். இருப்புக் கணக்கு இரண்டு சுவைகளிலும் பிறழும்.

எண்ணில்லாச் சரக்கு

வாஷியிலிருந்து மூட்டையாக வரும் இட்லி அரிசிக்கும் துவரம் பருப்புக்கும் பார்கோடு இராது. இவற்றுக்காகவே 2 என்ற இலக்கத்தில் தொடங்கும் எண்களுள் ஒரு பகுதி கடையின் உள்பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எடைப்பொறியோடு இணைந்த அச்சுக் கருவி 2100045007502 என்று ஒரு சீட்டை அச்சிடுவதாகக் கொள்வோம். 21 என்பது கடையின் சொந்தக் குறி. 00045 துவரம் பருப்பு. 00750 என்பது 750 கிராம். இறுதி 2 நாம் முன்னர் கண்ட காவலாளி. இவ்வெண் அந்தக் கடைக்குள் மட்டுமே பொருள் தரும். வீட்டில் இட்லிப் பொடி செய்து பிற கடைகளுக்கும் தர விரும்புவோர் ஜிஎஸ்1 இந்தியாவில் பதிந்து சொந்த எண் பெற வேண்டும். வேறொருவர் எண்ணைக் கடன் வாங்கி அச்சிடலாகாது.

சீட்டின் பட்டைகளைச் சிவப்பு மையில் அச்சிடாதீர்கள். கருவியின் சிவப்பு ஒளிக்கு அவை வெள்ளையாகவே தோன்றும். வெப்பத்தால் அச்சாகும் தாளாயின் வெயில் படும் இடத்தில் வைத்தால் கருத்தோ மங்கியோ போய்விடும்.

மாத இறுதி

நம் வங்கியில் ரொக்கக் கடன் வரம்பு பெற்றுள்ள வணிகர்கள் இருப்பு அறிக்கை அளிப்பதை அறிவர். அண்ணாச்சியின் கடையில் 4,00,000 ரூபாய்ச் சரக்கு உள்ளது. அதில் 1,00,000 ரூபாய்க்கு மொத்த வியாபாரிக்கு இன்னும் பணம் தரவில்லை. மீதி 3,00,000. அவருடைய சொந்தப் பங்கு 25 விழுக்காடு என்றால், அம்மாதம் அவர் எடுக்கக்கூடிய தொகை 2,25,000 ரூபாய். இங்கே 4,00,000 என்பது மதிப்பீடாக எழுதப்பட்டதா, எண்ணி எழுதப்பட்டதா என்பதே வினா. காலாவதியான 30,000 ரூபாய்ச் சரக்கு அதற்குள் ஒளிந்திருந்தால் எடுக்கத்தக்க தொகை உண்மையில் 2,02,500 மட்டுமே. வேறுபாடான 22,500 ரூபாய்க்குப் பின்னால் சரக்கு இல்லை; வட்டி மட்டும் உண்டு.

ஆகவே மாதத்தின் கடைசி இரவில் கடைக்கதவை இறக்கியபின், ஸ்கேனரைக் கையில் எடுத்து அடுக்கடுக்காக எண்ண வேண்டும். அண்ணாச்சி பொட்டலத்தைக் காட்ட, அக்கா எண்ணிக்கையைத் தட்டலாம். கணினி சொல்லும் இருப்பும் கை எண்ணியதும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கே நின்று காரணம் தேடுங்கள். காலாவதி நாள் கடந்தவற்றைத் தனிப் பெட்டியில் இட்டு, கணக்கிலிருந்தும் அன்றே நீக்கிவிடுங்கள். முதல் மாதம் நள்ளிரவாகும். பழகியபின் நேரம் குறையும்.

எண்ணி முடித்ததும் அக்கணக்கின் படி ஒன்றைக் கடைக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள். 2005 ஜூலை 26 அன்று தொடங்கிய மழை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய வெள்ளம் தாழ்வான இடத்துக் கடைக்குள் புகுந்தால் சரக்கோடு கணினியும் மூழ்கும். வெள்ளத்தையும் உள்ளடக்கிய காப்பீடு வைத்திருந்தாலும், இழந்தது எவ்வளவு என்று காட்ட இருப்புக் கணக்கு வேண்டும். கணினியைத் தரையில் வைக்காமல் இடுப்பளவு உயரப் பலகையில் வையுங்கள். பென் டிரைவில் எடுத்த படி வீட்டில், மாடியில் இருக்கட்டும். அதில் தேதியை எழுதி ஒட்டுங்கள்.