பழைய காரை மின்சாரக் காராக மாற்றப் போகிறீர்களா?

மோட்டார் வாங்கும்போது உச்சத் திறனைப் பார்த்து மயங்காதீர்கள்; அது கொஞ்ச நேரத்துக்குத்தான் கிடைக்கும். தொடர்ந்து தரும் திறன் எவ்வளவு என்று கேளுங்கள். பேட்டரியும் ஆட்களும் சேர்த்து சுமார் 1,000 கிலோ வரும் சிறிய கார், சமதளத்தில் 50 கி.மீ. வேகத்தில் ஓட 3 முதல் 4 கிலோவாட் போதும். சென்னை பாடி மேம்பாலம் போன்ற ஏற்றத்தில் அதே வேகத்தில் ஏற அது இரு மடங்குக்கும் மேலாகலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி நெரிசலில் நின்று நின்று கிளம்பும்போது மின்னோட்டம் எகிறும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் சூடேறும். மே மாத வெயிலில் இது இன்னும் மோசம். மின்னோட்டத்தைக் குறைக்க வோல்டேஜைக் கூட்டலாம்: 15 கிலோவாட்டுக்கு 72 வோல்ட்டில் 208 ஆம்பியர் வேண்டும். 144 வோல்ட்டில் பாதி போதும். கம்பி தடிமனும் சூடும் குறையும். ஆனால் வோல்டேஜ் கூடக்கூட இன்சுலேஷனில் கவனம் கூட வேண்டும்.

மோட்டாரையும் கன்ட்ரோலரையும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள். மோட்டாரின் சென்சார் கன்ட்ரோலருடன் பொருந்தாவிட்டால் வண்டி உதறும். மழைநீர் தேங்கும் தெருக்காரர்களுக்கு தூசியும் நீரும் புகாத ஐபி67 தரம் அவசியம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன், நீங்கள் வாங்கும் மாற்றுக் கிட், உங்கள் கார் மாடலுக்கு ஏஐஎஸ்-123 என்ற மின்மாற்றத் தர விதிப்படி சான்று பெற்றதா என்று பாருங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி. புத்தகத்தில் மின்சார வண்டி என்று மாற்றாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.