காரை எலும்பு முறிஞ்சுருச்சா? அக்கா சொல்றதைக் கேளு

எலப்புள்ளி வழியா கொழிஞ்சாம்பாறை போற ரோட்டுல பைக் சறுக்கி, தோள் குத்தி விழுந்தா அடிக்கடி முறியறது காரை எலும்புதான். எக்ஸ்ரேயைப் பார்த்ததும் பதறாத கண்ணு. நடுவுல முறிஞ்சு, துண்டுக ரொம்ப விலகாம இருந்தா ஆபரேஷன் இல்லாமலே கூடிரும். சின்னக் குழந்தைகளுக்கு மூணு நாலு வாரம், பெரியவங்களுக்கு 6 முதல் 12 வாரம்.

ஜில்லா ஆஸ்பத்திரியில வெறும் ஸ்லிங் மாட்டி அனுப்புனா, வைத்தியமே பண்ணலைன்னு நெனைச்சுக்கிட்டு புத்தூர்க் கட்டுக்கு வண்டி புடிக்காத. அந்த எலும்புக்கு அடியிலதான் கைக்குப் போற ரத்தக்குழாயும் நரம்பும், அதுக்கும் அடியில நுரையீரலும் இருக்கு. இழுத்து உக்கார வெக்கறது, எண்ணெய் போட்டு நீவறது எதுவும் அங்க ஆகாது.

ஸ்லிங் கட்டறதுலதான் எல்லாமே இருக்கு. முழங்கை மடங்கி, உள்ளங்கை முழங்கையைவிடக் கொஞ்சம் மேல நிக்கணும். கையோட கனத்தை முழங்கைப் பக்கம் துணி தாங்கணும். மணிக்கட்டுல மட்டும் தொங்கவிட்டா தோள் கீழ இழுத்து வலிக்கும். முடிச்சு கழுத்தெலும்பு மேல வரக்கூடாது, அடியில ஒரு தோர்த்து மடிச்சு வை. மெடிக்கல்ல எட்டு மாதிரி முதுகுல மாட்டற பெல்ட்டும் கெடைக்கும். 1987-ல டென்மார்க்குல ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. எலும்பு கூடுனதுல வித்தியாசமே இல்ல, பெல்ட் போட்டவங்களுக்குத்தான் தொந்தரவு அதிகம். ஸ்லிங்கே போதும்ங்கறது என் கட்சி.

ராத்திரிதான் பாடு. வலி மல்லாக்கப் படுக்க விடாது. முதுகுக்கு ரெண்டு மூணு தலகாணி அடுக்கிச் சாய்ஞ்சாப்புல படுக்க வை, முழங்கைக்கு அடியில சின்னதா ஒண்ணு. முன்னால பட்டன் வெச்ச சட்டைதான் வசதி. போடறப்ப அடிபட்ட கை முதல்ல, கழட்டறப்ப கடைசி. குளிக்கறப்ப லேசாக் குனிஞ்சு கையைத் தொங்கவிட்டா அக்குளைக் கழுவிறலாம். நனைஞ்ச அக்குள் புண்ணாயிரும், தொடைச்சு விடு.

விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாள்ல இருந்தே மடக்கி நீட்டணும். தோளை எப்ப அசைக்கலாம்னு டாக்டர் சொல்லுவாரு.

ஆட்டுக்கால் சூப்பு குடிச்சா குடிக்கட்டும். பீடி சிகரெட்டை விடாம சூப்பு குடிச்சு என்ன பண்றது? புகை எலும்பு கூடறதைத் தாமதமாக்கும்.

இதெல்லாம் சும்மா விடக்கூடாது: எலும்பு தோலை உள்ளிருந்து கூடாரம் மாதிரி தூக்கி, தோல் வெளுத்துப்போறது, விரல் மரத்துச் சில்லுன்னு ஆறது, மூச்சு வாங்கறது. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. துண்டுக முழுசா விலகி எலும்பு 2 செ.மீ.க்கு மேல குறுகியிருந்தா, ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்ட தயங்காமக் கேளு. 2007-ல வந்த கனடா ஆய்வுல அப்படி விலகுன முறிவுக்குப் பிளேட் வெச்சவங்க இன்னும் நல்லாத் தேறுனாங்க.

கூடுன எடத்துல ஒரு முண்டு நிக்கும். தப்பாக் கூடிருச்சுன்னு யாராவது வம்பு பேசுனா காதுல போட்டுக்காத. ஆனா வலி போயிருச்சுன்னு சிலிண்டரைத் தூக்க விட்றாத. மறு எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரின்னு சொல்லட்டும்.