ஒற்றைப் பன்றியின் வழி

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் கிழக்கே, தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர்களில் உழவனுக்குப் பகலில் ஒரு வேலை. இரவில் ஒரு வேலை. பகலில் மரச்சீனி நடுகிறான். இரவில் அதனைக் காக்கிறான். ஒருநாள் காலையில் விளைக்குச் செல்கிறான். பத்து மூடு மரச்சீனி பிடுங்கப்பட்டுக் கிடக்கிறது. அன்றிரவு கண் விழித்துக் காக்கிறான், பன்றி வரவில்லை. மறுநாளும் காக்கிறான், வரவில்லை. மூன்றாம் நாள் அயர்ந்து வீட்டில் உறங்கிவிடுகிறான், அன்று வருகிறது. “நான் உறங்குவது அதற்கு எப்படித் தெரிகிறது?” என்று அவன் கேட்கிறான்.

இது வெறும் புலம்பல் அன்று. நல்ல ஆராய்ச்சிக் கேள்வி. இதற்கு விடை உண்டு. அவ்விடையைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பிற நாட்டார் கண்டது

அமெரிக்க நாட்டில் வெள்வால் மான் என்றோர் இனம் உண்டு. அங்கே அதனை வேட்டையாடுவதற்குச் சட்டமே பருவம் வகுத்துத் தந்திருக்கிறது. நான்கைந்து ஆண்டு கடந்த முதிர்ந்த கலைமான் எந்த வழியே எப்பொழுது வரும் என்று கணிப்பது அந்நாட்டு வேட்டைக்காரர்க்கு ஒரு கலை. நிலவு, காற்று, குளிர் என்று பலவற்றை வைத்து அவர்கள் கணக்கிட்டு வந்தனர். பின்னர் அறிஞர்கள் மானின் கழுத்தில் இடங்காட்டும் கருவிப் பட்டையை மாட்டி, அதன் நடமாட்டத்தை மணிதோறும் பதிந்தனர். விடியலும் அந்தியுமே மான் மிகுதியாக நடமாடும் வேளைகள் என்று தெரிந்தது. பகற்பொழுதின் நீளம் குறையக் குறையப் புணர்ச்சிப் பருவம் நெருங்கும். அப்போது கலைமான் பகலிலும் அலையும். நிலவின் வளர்ச்சி தேய்வுக்கோ, வேட்டைக்காரர் எண்ணிய அளவு ஆற்றல் இல்லை. ஆனால் மனித நெருக்கடி மிகுந்த இடத்தில் முதிர்ந்த மான் பகல் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

நம் நாட்டில் மான் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடுத்துவிட்டது. 1958-இல் அமைந்த நெய்யாறு வனவிலங்குப் புகலிடத்தில் மிளாவும் புள்ளிமானும் அச்சட்டத்தின் காவலில் வாழ்கின்றன. ஆயினும் முதிர்ந்த ஆண் விலங்கின் வழியைக் கணிக்கும் கலை நமக்கு வேண்டாததாகிவிடவில்லை. எல்லைச் சிற்றூர்களில் இரவுதோறும் அக்கலையை வேண்டி நிற்பது காட்டுப்பன்றி.

2. முதிர்ந்த ஆண் ஏன் தனி?

பன்றிக் கூட்டம் என்பது பெண்பன்றிகளும் குட்டிகளும் சேர்ந்த குடும்பம். வளர்ந்த ஆண், புணர்ச்சிக் காலம் ஒழிய மற்றைய நாள்களில் தனியே திரியும். இதுவே ஊரார் கூறும் ஒற்றைப் பன்றி. அதன் கீழ்க்கோரை, மேற்கோரையோடு உராய்ந்து உராய்ந்து கூர்மையாகிறது. தோளின்மேல் தோல் தடித்துக் கேடயம்போல் இறுகிவிடுகிறது. கண்பார்வை மந்தம், மூக்கோ மிகக் கூர்மை.

கூட்டம் வந்தால் ஓசை கேட்கும். விளை முழுதும் உழுதது போலாகும். ஒற்றை வந்தால் ஓசையில்லை. ஆதலின் வந்தது எது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். அதற்குக் கருவி தடம். ஈர மண்ணில் பன்றியின் இரு குளம்புகளுக்குப் பின்னே, பின்குளம்புகள் இரண்டும் சற்று அகன்று பதியும். மானின் தடத்தில், சேற்றிலோ ஓட்டத்திலோ அன்றிப் பெரும்பாலும் அவை பதியா. தடம் அகன்று, குளம்பு நுனி மழுங்கி, பக்கத்தில் சிறு தடங்கள் இல்லாமல் ஒன்றே சென்றிருந்தால் அது முதிர்ந்த ஆண் என ஊகிக்கலாம். அருகிலுள்ள மரத்தைப் பார்த்தால் ஊகம் உறுதிப்படும். சேற்றில் புரண்ட பன்றி மரத்தில் உடம்பைத் தேய்க்கும். அடிமரத்தில் ஒட்டிய சேற்றின் உயரமே அதன் உடம்பின் உயரம்.

3. கணிப்புக்குரிய நான்கு

முதலாவது உணவு. திருவிதாங்கூரில் மரச்சீனியை விசாகம் திருநாள் மன்னர் (1880–1885) பரப்பினார் என்பர். ஏழைக்குச் சோறாக வந்த அக்கிழங்கு பன்றிக்கும் விருந்தாயிற்று. சேனை, சேம்பு, வாழைக் கிழங்கு, தென்னங்கன்றின் குருத்து ஆகியவற்றையும் அது விடுவதில்லை. எந்த விளையில் கிழங்கு முற்றியிருக்கிறது என்று அறிந்தால், அது நாடும் இடத்தை ஓரளவு அறிந்தவராவோம்.

இரண்டாவது படுக்கை. முன்னாளில் அது மலைக்காட்டில் இருந்தது. இன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. விலை வீழ்ச்சியால் பால் வெட்டாது விட்ட ரப்பர்த் தோட்டங்களில் புதர் மண்டியிருக்கிறது. ரப்பர்க் கன்றுகளுக்கிடையே படரவிட்ட மூடுபயிர்க் கொடியும் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. வெள்ளறடை, அம்பூரிப் பக்கத்து விளைகளுக்கு அருகே இத்தகைய மறைவிடம் இருக்குமாயின், பன்றி மலையிலிருந்து வரவேண்டியதில்லை.

மூன்றாவது சேறு. பன்றிக்கு வியர்த்து உடல் தணியும் வாய்ப்பில்லை. ஆகவே சேற்றில் புரண்டு வெப்பம் ஆற்றுகிறது. மாசி, பங்குனி வெயிலில் தோடு வற்றும்போது சேறு சில இடங்களிலேயே எஞ்சும். அப்போது கணிப்பு எளிது. இரு பருவ மழைகளும் பெய்யும் நிலமாதலின் ஆனி, ஐப்பசியில் எங்கும் சேறு. எங்கும் இளகிய மண். அப்போது கணிப்புக் கடினம்.

நான்காவது காற்று. உழவனின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. தெளிந்த பகலில் வெயிலால் சூடான காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும். அமைதியான இரவில் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். உழவன் பரணை எங்கே கட்டுகிறான்? விளை முழுதும் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று மேட்டில் கட்டுகிறான். பன்றி எங்கே படுத்திருக்கிறது? பள்ளத்துத் தோட்டின் கரையில். அவன் பரணில் ஏறியவுடனே அவனுடைய வாடை கீழே இறங்கிப் பன்றிக்குச் செய்தி சொல்லிவிடுகிறது. அவன் உறங்குவது பன்றிக்குத் தெரிவதில்லை. அவன் பரணில் இருப்பது தெரிகிறது. வீட்டினுள் உறங்கும் நாளில் அச்செய்தி வருவதில்லை.

எனவே, காற்று காவலுக்குத் துணை, வேட்டைக்குப் பகை. விரட்டுவதே நோக்கமாயின் பன்றி வரும் வழிக்கு மேற்காற்றில் இருத்தல் நன்று. ஆனால் நாள்தோறும் வாடை மட்டும் வந்து, வேறொன்றும் நேராவிட்டால் பன்றி அதற்குப் பழகிவிடும்.

4. ஏட்டில் எழுதிப் பார்த்தல்

ஊரில் பலர் பலவாறு சொல்வர். அமாவாசையில் வரும் என்பார் ஒருவர். மழை விட்ட இரவில் வரும் என்பார் மற்றொருவர். இவற்றைப் பழிக்கவும் வேண்டா, நம்பவும் வேண்டா, எழுதிப் பார்க்கவேண்டும். விளைக்குள் நுழையும் இடைவெளிகளில் சாம்பலையோ பொடிமண்ணையோ தூவி, விடியலில் தடத்தைப் பார்த்து ஏட்டில் குறிக்கலாம். நாள், வந்த வழி, தின்ற பயிர், மழை, காவல் இருந்ததா இல்லையா என்னும் ஐந்து குறிப்புகள் போதும்.

எடுத்துக்காட்டாக ஒரு விளையைக் கற்பனை செய்துகொள்வோம். 21 இரவுகளில் 9 இரவு பன்றி வந்தது. அந்த 9-இல் 7 இரவு தோட்டுமுனை வழியாகவே வந்தது எனக் கொள்வோம். நாளை வருமா என்று கேட்டால், நூற்றுக்கு 43 வாய்ப்பு என்றே சொல்ல முடியும். அது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதினும் மேலானதன்று. வந்தால் எவ்வழி வரும் என்று கேட்டாலோ, தோட்டுமுனை என்று நூற்றுக்கு 78 அளவு துணிந்து சொல்லலாம். இது கற்பனைக் கணக்கேயாயினும் இதில் ஓர் உண்மை இருக்கிறது. விலங்கு வரும் நாளைச் சொல்வதினும் வரும் வழியைச் சொல்வது எளிது. உணவும் படுக்கையும் இருக்கும் இடத்தில் இருக்க, அவற்றை இணைக்கும் மறைவான வழி ஒன்றிரண்டே இருக்கும். ஆகவே எல்லா இரவும் எல்லாப் பக்கமும் காத்து உடல் நலியவேண்டியதில்லை. அந்த ஒரு முனையை வலுவாக அடைத்து, அருகிலுள்ள புதரையும் வெட்டினால் பாதிக் காவல் முடிந்தது.

5. கணிக்காதவர் செய்வது

வழி தெரியாதவர் எல்லாப் பக்கமும் கம்பி கட்டி மின்சாரத்தை நேரே பாய்ச்சுகின்றனர். 2025 சூன் மாதத்தில் மலப்புறம் மாவட்டத்து வழிக்கடவில், பன்றிக்கென்று சட்டத்துக்கு மாறாக வைத்த மின்கம்பியில் சிக்கி 15 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். வேறு சிலர் தின்பண்டத்தில் வெடிமருந்தை மறைத்து வைக்கின்றனர்; பன்றிப்படக்கம் என்று அதற்குப் பெயர். 2020 மே மாதத்தில் பாலக்காடு மாவட்டத்தில் கருவுற்ற யானை ஒன்று அத்தகைய வெடியைக் கடித்து வாய் சிதைந்து, ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. பன்றியின் வழியை அறியாத கம்பிக்கும் வெடிக்கும், வருவது எது என்றும் தெரியாது.

சட்டம் ஒரு வழி காட்டியிருக்கிறது. பயிரழிக்கும் பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளிப்பதென 2022 மே மாதத்தில் கேரள அமைச்சரவை முடிவு செய்தது. நஞ்சு, வெடி, மின்சாரம் ஆகிய மூன்றும் அதில் விலக்கப்பட்டன. தமிழ்நாட்டின் ஏற்பாடு வேறு. 2025 சனவரியில் சட்டமன்றத்தில் அறிவித்தபடி, காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடுதல். அதற்கப்பால் வனத்துறையினரே சுடுதல்.

இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெருங்கோரையுடைய ஒற்றையைச் சுடுவதே வீரம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆனால் இனம் பெருகுவது பெண்பன்றிகளால். ஏறத்தாழ 115 நாள் சினையிருந்து ஒரே ஈற்றில் பல குட்டிகளை அது ஈனும். ஓர் ஆண் வீழ்ந்தால் அதன் இடத்துக்கு வேறோர் ஆண் வரும். ஒற்றையை வீழ்த்துவதால் ஒரு விளை சில காலம் தப்பலாம். ஊரின் துன்பம் தீராது.

6. நம் கடமை

தமிழ் மாணவர்க்கு இது புதுப் பொருளன்று. குறிஞ்சித் திணையில் தினைப்புனமும் பரணும் இரவுக் காவலும் நாம் படித்தவையே. உக்கிரப் பெருவழுதி பாடிய நற்றிணை 98-ஆம் பாட்டில், புனத்தை மேயப் புறப்பட்ட பன்றி, பொறி வைத்த சிறுவழியில் நுழையும் வேளையில் பல்லியின் ஒலி கேட்டுத் தயங்கி, மெல்லப் பின்வாங்கித் தன் கல்லளைக்கே திரும்பிவிடுகிறது. பல்லி நிமித்தத்தை விட்டுவிடுவோம். குறுகிய வழியில் நுழைவது, சிறு ஐயம் தோன்றினும் ஓடாமல் ஓசையின்றிப் பின்வாங்குவது, படுக்கைக்கே மீள்வது ஆகிய மூன்றையும் அப்புலவர் கண்டு பாடியிருக்கிறார். பாட்டைப் படித்த நாம் விளையைப் படித்தோமா?

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று பிரிந்த கோடு பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் மக்களுக்குத் தெரியும்; பன்றிக்குத் தெரியாது. வெள்ளறடையில் படுத்து அருமனைப் பக்கம் மேயும் பன்றிக்கு, ஒரே இரவில் இரண்டு சட்டங்கள். இரு பக்கத்து அலுவலகங்களிலும் எழுதப்படும் குறிப்புகளோ எல்லையோடு நின்றுவிடுகின்றன.

அக்குறையை நாம் நீக்கலாம். நம்மிடையே அக்கரைச் சிற்றூரிலிருந்து வந்தவரும் உண்டு. இக்கரையிலிருந்து வந்தவரும் உண்டு. அடுத்த விடுமுறையில் ஊர் செல்லும்போது, ஒவ்வொருவரும் ஒரு விளையைத் தேர்ந்து 21 நாள் ஏடு எழுதி வருவோம். வந்தபின் எல்லா ஏடுகளையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்போம். எல்லையின் இருபுறமும் தொடரும் வழி ஒன்று தெரிந்தால், எந்த முனையை அடைப்பது, எந்தப் புதரை வெட்டுவது, யாரிடம் முறையிடுவது என்று நம் ஊராருக்கு நாம் சொல்லலாம். பத்து சென்டு நிலத்தில் கிழங்கு நட்டுக் கண் விழித்திருக்கும் முதியவர் ஒருவர் அன்றிரவு நிம்மதியாக உறங்குவார். உறங்கினாலும் பன்றி வராது.