வானொலிக் கிராம மன்றம்: கேட்டலும் கலந்துரையாடலும்

ஊரில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்துவிட்டால் அறிவு தானே பரவிவிடும் எனப் பலர் கருதுவர். இக்கருத்து எவ்வளவு தூரம் சரியானது? இதனை ஆராய்ந்தறிய நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டில் ஒரு சோதனை நடத்தப்பெற்றது. அதன் முடிவு களப்பணியாளரும் ஆசிரியரும் இன்றும் அறிந்திருக்கத் தக்கது.

சோதனையின் அமைப்பு

குடியானவர்கள் ஓரிடத்தில் கூடி, ஒலிபரப்பைக் கேட்டு, விவாதித்து, பின்னர் செயலில் இறங்கும் முறை கானடா நாட்டில் 1941 முதல் நாடளாவிய அளவில் நடைபெற்று வந்தது. யுனெஸ்கோவின் உதவியுடன் அகில இந்திய வானொலி இம்முறையை இங்கு சோதித்தது. அந்நாளைய பம்பாய் ராஜ்யத்தில், மராத்தி வழங்கும் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இன்று புனே எனப்படும் பூனாவின் வானொலி நிலையம் வாரம் இருமுறையாகப் பத்து வாரங்களில் 20 அரைமணி நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது.

மன்றம் இயங்கும் விதம்

மன்றத்தில் ஏறக்குறைய இருபது பேர் இருப்பர். தலைவர் விவாதத்தை நடத்துவார். அமைப்பாளர் உறுப்பினரைக் கூட்டுவார். விவாதத்தைக் குறித்துக்கொண்டு, எழுந்த ஐயங்களை வானொலி நிலையத்துக்கு எழுதியனுப்புவார். அவற்றிற்கான விடைகள் பின்வரும் ஒலிபரப்பில் கூறப்படும். இவ்வாறு, ஒருவழிச் செய்தியாக இருந்த வானொலி இருவழி உரையாடலாயிற்று.

சோதனையின் முடிவு

பம்பாயிலுள்ள டாட்டா சமூக அறிவியல் கழகம் இச்சோதனையை மதிப்பிட்டது. பால் நியூராத் என்னும் சமூகவியல் அறிஞர் இப்பணிக்குத் தலைமை தாங்கினார். மன்றமுள்ள ஊர்கள், வானொலி மட்டும் உள்ள ஊர்கள், இரண்டும் இல்லாத ஊர்கள் ஆகியவற்றின் மக்களிடம் ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும் வினாக்கள் கேட்கப்பட்டன. மன்றமுள்ள ஊர்களில் அறிவு பெரிதும் வளர்ந்திருந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களிலோ வளர்ச்சி சிறிதே. ஒலிபரப்பு ஒன்றே, வேறுபாட்டை விளைவித்தது கலந்துரையாடல் எனத் தெளியலாம்.

மன்றங்கள் பேச்சோடு நின்றுவிடவில்லை. சில ஊர்களில் கிணறுகள் தோண்டப்பட்டன. உயர்ந்த இனக் காளைகளும் லெகார்ன் கோழிகளும் வாங்கப்பட்டன. பாலர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. இவ்வெற்றியைக் கண்டு, 1959 நவம்பரில் இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

தாம் கேட்ட வினாவுக்கு விடை வரும் என்னும் நம்பிக்கையே மன்றத்துக்கு உயிர். குடியானவர் ஒருவர் தம் பயிர்நோயைப் பற்றிக் கேட்ட வினா அமைப்பாளரின் குறிப்பேட்டிலேயே உறங்கிவிடின், அடுத்த கூட்டத்துக்கு அவர் வாரார். அவரைக் கண்டு பிறரும் வாரார். பெட்டி பாடிக்கொண்டிருக்கும், மன்றம் இராது. ஆகவே ஒவ்வொரு வினாவையும் கேட்டவர் சொல்லிலேயே எழுதுக. உரிய இடத்துக்கு அனுப்புக. விடையைக் கூட்டத்தில் படித்துக் காட்டுக. விடை தாமதமாயின் அதனையும் தெரிவிக்க.

செய்து பார்க்க

ஆசிரியர்கள் இவ்வுண்மையை வகுப்பிலேயே சோதிக்கலாம். மாணவரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரே பாடத்தை இரு குழுவுக்கும் படித்துக் காட்டுக. ஒரு குழு மட்டும் அதனைப் பற்றிப் பதினைந்து நிமிடம் விவாதிக்கட்டும். ஒரு வாரம் கழித்து இரு குழுவினரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, விடைகளை ஒப்பிட்டு நோக்குக.