முதலில் டேங்க், பிறகுதான் பம்ப்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கிரிவலக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் வீட்டில் கொஞ்சம் டீசல் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். கார்த்திகை தீபம் நெருங்கும்போது கேனைத் தூக்கிக்கொண்டு பங்க்குக்கு அலைய முடியாது. ஆனால் என் கொழுந்தனார் இன்றைக்கும் "பேரல் வாங்கினதே தப்பு அண்ணி" என்கிறார். தப்பு பேரலில் இல்லை. பெட்ரோலியச் சட்டப்படியே, ஒரே இடத்தில் 2,500 லிட்டர் வரை, ஒரு கலத்தில் 1,000 லிட்டருக்கு மேல் போகாமல் இருந்தால் டீசலுக்கு உரிமம் தேவையில்லை. என்னிடம் இருந்ததோ 200 லிட்டர் பேரல் ஒன்று, அதிலும் பாதிதான். முந்தின வருடத் தீபத்துக்கு வாங்கி மிஞ்சியது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. மறுநாள் இங்கே கொட்டிய மழையில்தான் வ.உ.சி. நகரில் மலை மண் சரிந்து ஏழு பேர் போனார்கள். எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, அறைகளில் வயதானவர்கள், குழந்தைகள். ஜெனரேட்டர் டேங்கில் இருந்தது தீர்ந்ததும் மெக்கானிக் வந்தார். பேரலைச் சாய்த்து, அடிமட்டம் வரை வழித்து, புனலில் ஒரு வேட்டித் துணியை வைத்து ஊற்றினார். "பழைய டீசலாச்சே, ஒரு பாட்டில்ல பிடிச்சுப் பாத்துட்டு ஊத்துப்பா" என்றேன். "பெட்ரோல்தான் ஆவியாப் போவும்க்கா, டீசல் என்னைக்கும் கெடாது" என்றார். துணி தூசியை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் ஏறி ஏறி இறங்கி, நின்றே போனது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் பணத்தைத் தின்றது. டேங்க்கைத் திறந்து பார்க்காமல் பம்ப்பையும் நாசிலையும் கழற்றி கேலிபரேஷனுக்கு அனுப்பினார்கள். "டேங்க் அடியில என்ன இருக்குன்னு பாருங்க" என்று நான் சொன்னதற்கு, "நீங்க ரூம் கணக்கைப் பாருங்கக்கா, இதை நாங்க பாத்துக்கறோம்" என்று பதில் வந்தது. சரிசெய்த பம்ப்பை அதே டேங்க்கில் மாட்டினார்கள். டிசம்பர் 13 தீபத்துக்குள் மறுபடி அடைத்துக்கொண்டது. இரண்டாவது பில்லுக்குப் பிறகுதான் டேங்க்கின் ட்ரெயின் போல்ட்டைக் கழற்றினார்கள். முதலில் தண்ணீர், அதன் பின்னால் வெண்டைக்காய்ப் பிசின் மாதிரி கறுப்பாக ஒரு கசடு. ஊர் கேட்கச் சொல்கிறேன்: முதலில் டேங்க், பிறகு ஃபில்டர், பிறகுதான் பம்ப்.

டீசல் கெடும். வெயில் படாத இடத்தில், நிரம்பிய, இறுக மூடிய கலத்தில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும் என்பது பொதுக்கணக்கு. நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தக் கணக்கு குறையும். சூட்டிலும் காற்றிலும் பட்டுப் பிசினாகும். செம்பும் துத்தநாகம் பூசிய கலமும் அதை வேகப்படுத்தும். அதைவிடப் பெரிய எதிரி தண்ணீர். பாதி காலியான பேரல் பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும், இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். ஈரக்காற்று உள்சுவரில் வேர்க்கும். பேரலை நட்டமாக வைத்தால் மேல்விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். மூடியின் வாஷர் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். இந்தத் தண்ணீர் அடியில் தங்க, டீசலும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளரும். அந்தக் கறுப்புக் கசடு அதுதான். பேரலின் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சாய்த்து, தேங்கும் மழைநீர் மூடிகளை எட்டாதபடி வையுங்கள்.

பழைய டீசல் கையில் இருந்தால் மேலே மொண்டு பார்த்து ஏமாறாதீர்கள். நீளமான குழாயை அடிவரை விட்டு, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கி, கண்ணாடி பாட்டிலில் விட்டு ஓர் இரவு வையுங்கள். பளிச்சென்று இருந்தால் புது டீசலோடு கலந்து ஓட்டலாம், கூடவே ஒரு புது ஃபில்டர் தயாராக இருக்கட்டும். தண்ணீர் தனியே பிரிந்து நின்று, மேலே தெளிவாக இருந்தால், பேரலை ஆட்டாமல் மேல்பகுதியை மட்டும் எடுங்கள். கலங்கலாகவே இருந்தாலோ, கசடு தெரிந்தாலோ, புளித்த வாடை அடித்தாலோ எஞ்சின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெய் கலந்தால் சரியாகிவிடும் என்று சொல்கிறவரிடம் ஜெனரேட்டரைக் கொடுக்காதீர்கள். டீசலின் வழவழப்பில்தான் பம்ப் தேயாமல் ஓடுகிறது, மண்ணெண்ணெய் அதைக் குறைத்துவிடும்.

நான் சொல்வது பழைய மெக்கானிக்கல் பம்ப் எஞ்சினுக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளுக்கும், 2023 ஜூலையில் வந்த புது மாசு விதிப்படி எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனோடு வரும் ஜெனரேட்டர்களுக்கும் சந்தேகமான டீசலை ஒரு சொட்டும் விடாதீர்கள். அந்த இன்ஜெக்டரின் துளை மிக நுண்ணியது, விலையோ பெரியது.

கெட்டதைச் சாக்கடையில் கொட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சாக்கடைத் தண்ணீர் கடைசியில் ஏரிக்குத்தானே போகும்? நான் விடவில்லை. கழிவு எண்ணெய் எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி உள்ளவரிடம் கொடுத்தேன்.

இப்போதும் டீசல் வைத்திருக்கிறேன், கேன் கணக்கில், வாங்கிய தேதியை எழுதி ஒட்டி. ஐப்பசி பிறந்ததும் எல்லா அறை மோட்டாரையும் ஃபேனையும் போட்டு, முழு லோடில் ஜெனரேட்டரை ஓட்டி, பழையதைத் தீர்த்துவிடுகிறேன். லோடு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு "நல்லா இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்குக் காசு கொடுக்காதீர்கள். வெறுமனே ஓடும்போது டீசல் குறைவாகத்தான் இழுக்கும், பாதி அடைத்த ஃபில்டர்கூட அதற்குத் தாங்கும்.